காரில் ‘டொக் டொக்’ சத்தமா? காசைக் கொட்டுமுன் காதைக் கொடுங்கள்!

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். மோட்டார் காரும் அப்படித்தான், வாசகர்களே! பெரிய பழுது பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் வருவதில்லை. முதலில் ஒரு சின்னத் தட்டல். அதை அலட்சியம் செய்தால் வாரக் கணக்கில் வலுக்கும் ஓசை. அதையும் விட்டுவிட்டால் நடுரோட்டில் நிற்க வேண்டியதுதான்.

புரோட்டோன் சாகா 1985 ஜூலையில் வெளிவந்தது. அந்த முதல் வகை 2008 வரை தயாரானது. பெரோடுவா கஞ்சில் 1994-இல் வந்து 2009-இல் நின்றது. ஆக, கடைசியாக வந்த கஞ்சிலுக்கே இன்று பதினைந்து வயதுக்கு மேல்! இருந்தாலும் எத்தனையோ தோட்டக் குடும்பங்களுக்கு இவைதான் இன்னமும் பள்ளிக்கூட வண்டி, ஆஸ்பத்திரி வண்டி, சந்தைக்குப் போகும் வண்டி எல்லாம். செம்பனை லோரிகள் உழுதுவிட்ட செம்மண் சாலையில் ஓடும் பழைய காரில் சத்தம் வருவது அதிசயமல்ல. எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஒவ்வொரு சாமானாக மாற்றிப் பணத்தைத் தொலைப்பதுதான் கொடுமை.

முதலில் கேட்க வேண்டிய கேள்விகள்

கார் நின்ற இடத்திலேயே, எஞ்சினை ஓடவிட்டால் சத்தம் கேட்கிறதா? ஆம் என்றால் கோளாறு பெரும்பாலும் எஞ்சின் பக்கம். ஓடும்போது மட்டும் கேட்கிறதா? அப்படியானால் சக்கரம், அப்சாபர் ஆகியவற்றின் பக்கம் பாருங்கள். குழியில் இறங்கினால் வருகிறதா? வளைவில் திரும்பினால் வருகிறதா? பிரேக் பிடித்தால் வருகிறதா? இவற்றுக்கு விடை கண்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஓட்டுபவர் காதை விட, பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளின் காது கூர்மையானது. அவர்களையும் கேளுங்கள்.

செலவில்லாத வைத்தியம்

பட்டறைக்கு ஓடுமுன் பின்பெட்டியைத் திறந்து பாருங்கள். ஜாக்கி, ஸ்பேனர், உபரி டயர் ஆகியவை ஆட்டம் காட்டி, “அப்சாபர் போய்விட்டது” என்று நம்மைப் பயமுறுத்துவது உண்டு. எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டு ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். புகைக்குழாயைத் தாங்கும் ரப்பர் வளையங்கள் அறுந்திருக்கின்றனவா, பேட்டரி ஆடுகிறதா என்றும் பாருங்கள். எஞ்சின் ஆறிய பிறகே குழாயில் கை வைக்க வேண்டும்.

சக்கர நட்டுகளைக் கட்டாயம் சோதியுங்கள். நட்டு தளர்ந்தாலும் சக்கரம் சுற்றச் சுற்ற ‘டொக் டொக்’ என்றுதான் கேட்கும். சக்கரம் கழன்று ஓடுவதற்கு முந்திய எச்சரிக்கை அது! நட்டுகளை வரிசையாக முடுக்காமல், எதிரெதிராக முடுக்குங்கள். டயர் மாற்றினால் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடியும் ஒரு முறை முடுக்கிப் பாருங்கள். ரிம்மின் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால் அந்த ரிம் வேண்டாம்.

குழியில் இறங்கினால் ‘டொக்’

காரின் கீழே எத்தனையோ ரப்பர் புஷ்கள் இருக்கின்றன. பால்மரத்தோடு வாழ்ந்த நமக்கு ரப்பரின் குணத்தைச் சொல்ல வேண்டுமா? வெயிலும் எண்ணெயும் வயதும் சேர்ந்தால் அது வெடித்துப்போகும். பிறகு இரும்போடு இரும்பு மோதும். அப்சாபரின் மேல் மவுண்டிங், கீழ்க் கை எனப்படும் லோவர் ஆர்மின் புஷ், ஸ்டெபிலைசர் புஷ் ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள்.

காரின் ஒரு மூலையைக் கையால் அழுத்தி விடுங்கள். ஒரு முறை எழும்பி அடங்கினால் சரி. தொட்டில் போல் ஆடிக்கொண்டே இருந்தால், அல்லது அப்சாபரின் மேல் எண்ணெய் கசிந்திருந்தால், அதன் காலம் முடிந்தது. அப்சாபரை ஒரு பக்கம் மட்டும் மாற்றாமல் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது பால் ஜாயிண்ட். காரைச் சமதரையில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, முன்சக்கரத்தைத் தூக்குங்கள். மண் தரையானால் ஜாக்கிக்கு அடியில் தடித்த பலகை வையுங்கள். ஸ்டாண்டில் தாங்கிய பிறகு டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால், ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் சக்கர பேரிங். நிற்காவிட்டால் பெரும்பாலும் பால் ஜாயிண்ட். இடமும் வலமும் ஆட்டும்போது தட்டினால் டை ராட் முனையைச் சந்தேகப்படுங்கள். பால் ஜாயிண்ட் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். ஸ்டீயரிங் நம் கையில் இருக்காது. அதைச் சரிசெய்யும் வரை அந்தக் காரில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்!

ஒன்று மட்டும் மறவாதீர்கள்: ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் ஒருபோதும் நுழையக்கூடாது.

திரும்பினால் ‘டக டக டக’

சாகா, கஞ்சில் இரண்டும் முன்சக்கரத்தால் இழுக்கப்படும் கார்கள். அந்தச் சக்கரங்களுக்குச் சக்தி கொண்டுபோகும் டிரைவ் ஷாப்டின் மூட்டை ஒரு ரப்பர் உறை மூடியிருக்கும். உறை கிழிந்தால் கிரீஸ் வெளியே தெறித்து, மண் உள்ளே புகும். ஆளில்லாத திடலில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக வட்டமடியுங்கள். இடப்பக்கம் திரும்பும்போது சத்தம் வந்தால் பெரும்பாலும் வலப்பக்க மூட்டு. வலப்பக்கம் என்றால் இடப்பக்க மூட்டு. ரிம்மின் உட்புறத்தில் கிரீஸ் தெறித்திருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். சத்தம் வருமுன்பே கண்டுகொண்டால் புது உறையும் கிரீசும் போதும். வந்த பிறகு மூட்டையே மாற்ற வேண்டிவரும்.

கியர் போட்டு கிளட்சை விடும்போது ஒரே ஒரு ‘டொக்’ மட்டும் கேட்டால், எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர் வெடித்திருக்கலாம்.

எஞ்சினில் மூன்று வகை

மேல்பகுதியில் ‘டிக் டிக்’ என்று மெல்லிய ஓசை: வால்வு இடைவெளி கூடியிருக்கலாம், எண்ணெய் குறைந்திருக்கலாம். பயந்து சாக வேண்டாம், விரைவில் காட்டுங்கள்.

மேட்டில் ஏறும்போது மட்டும் ‘கிணிகிணி’ என்று வந்தால், பெட்ரோல் நேரங்கெட்டு எரிகிறது. பழைய கார்புரேட்டர் காரில் டிஸ்ட்ரிபியூட்டரின் டைமிங் முன்கூட்டி இருக்கலாம், உள்ளே கரி படிந்திருக்கலாம், எஞ்சின் சூடேறியிருக்கலாம். ஒரு முறை ரோன் 97 ஊற்றிப் பாருங்கள். சத்தம் குறைந்தால் நோய் இதுதான்; டைமிங்கைச் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

அடிப்பகுதியில் உரலில் உலக்கை விழுவது போல் கனமாக ‘டங் டங்’ என்று கேட்டு, எஞ்சின் வேகம் கூடக் கூடச் சத்தமும் கூடினால், உடனே எஞ்சினை நிறுத்துங்கள்! கனெக்டிங் ராடின் பேரிங் தேய்ந்திருக்கலாம். “மெதுவாகவே வீடு போய்ச் சேரலாம்” என்று ஓட்டினால், ராடு உடைந்து எஞ்சினையே பிளந்துவிடும். அப்போது கயிறு கட்டி இழுக்கும் கூலியா பெரிது? கறுப்பு எண்ணெய் என்று நாம் சொல்லும் எஞ்சின் எண்ணெயை வாரம் ஒருமுறை, எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் கழித்து, அளவுகோலை இழுத்துப் பாருங்கள். சிவப்பு எண்ணெய் விளக்கு எரிந்தால் ஓட்டவே கூடாது.

பட்டறையில் என்ன சொல்வது?

“அண்ணே, அப்சாபரை மாத்துங்க” என்று நீங்களே மருந்து எழுதிக்கொடுக்காதீர்கள். “இடப்பக்கம், குழியில் இறங்கினால், மெதுவாகப் போகும்போது சத்தம் வருகிறது” என்று நோயைச் சொல்லுங்கள். இப்போதுதான் கைப்பேசி இருக்கிறதே, சத்தத்தைப் பதிவு செய்து காட்டுங்கள். மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து அந்தக் குழியிலேயே ஓட்டிக் காட்டினால் இன்னும் நல்லது. எத்தனை வெள்ளி ஆகும் என்று முன்னதாகக் கேளுங்கள். கழற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்கள்; அது உங்கள் சொத்து.

லோவர் ஆர்ம் புஷ் மாற்றினால், கார் தரையில் சக்கரத்தின் மேல் நிற்கும்போதுதான் அதன் போல்ட்டைக் கடைசியாக முடுக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கும்போதே முடுக்கினால் ரப்பர் முறுகிச் சீக்கிரமே கிழிந்துவிடும். கீழ்ப்பகுதிச் சாமான்களை மாற்றிய பிறகு சக்கர அலைன்மெண்ட் பார்க்கவும் தவறாதீர்கள். இல்லாவிட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

சத்தத்தை அடக்க ரேடியோவைக் கூட்டி வைப்பவர்களும் உண்டு. அது காய்ச்சலுக்குப் போர்வை போர்த்துவது போலத்தான்! நாளைக் காலை வேலைக்குப் புறப்படும்போது ரேடியோவை அணைத்து, ஜன்னலை இறக்கி, ஐந்து நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள். காசும் மிச்சம், உயிரும் பத்திரம்!