தேயிலை ரோலருக்குப் பல் வெட்டும்போது எழும் அதிர்வு

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கும் தொழிற்சாலைகளில் பெரும்பாலானவை சிடிசி முறையில் தூள் தயாரிப்பவை. இம்முறையில், இரண்டு துருப்பிடிக்காத எஃகு ரோலர்களில் ஒன்று மெதுவாகவும் மற்றது ஏறத்தாழப் பத்து மடங்கு வேகமாகவும் சுழலும். நடுவே விழும் இலையை அவற்றின் பற்கள் நசுக்கி, கிழித்து, சுருட்டும். ஓட ஓடப் பல் மழுங்கும். அப்போது ரோலரைக் கழற்றி, மில்லிங், சேசிங் இயந்திரங்களில் ஏற்றிப் பல்லைப் புதுப்பிப்பார்கள். அந்த இயந்திரம் அதிர்ந்தால் பல்லில் அலை அலையாகத் தடம் விழும். தூளும் சீராக வராது.

அதிர்வு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். தேய்ந்த பேரிங்கோ கோணலான புல்லியோ காரணமென்றால், வேகத்தை மாற்றியதும் ஒலியின் சுருதியும் மாறும். வெட்டும் வேலையே தூண்டிவிடும் அதிர்வு வேறு. அதைச் சேட்டர் என்பார்கள். மில்லிங் கட்டரின் ஒரு பல் விட்டுச்சென்ற அலையின் மேல் அடுத்த பல் வெட்டுவதால் சீவலின் கனம் ஏறி இறங்கும். விசையும் அதோடு ஏறி இறங்கி ஆட்டத்தை வளர்க்கும். இதன் சுருதி, வேகத்தை மாற்றினாலும், இயந்திரத்தின் இயல்பு அதிர்வெண்ணை ஒட்டியே நிற்கும்.

அந்த அதிர்வெண்ணை முன்கூட்டியே அறியலாம். இயந்திரத்தை நிறுத்தி, ரோலரும் கட்டரும் மாட்டியபடியே கட்டர் முனையில் தட்ட வேண்டும். ஆய்வகத்தில் விசை அளக்கும் சுத்தியலும் முடுக்கமானியும் கொண்டு, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்று வரைபடமே எடுப்பார்கள். எவ்வளவு ஆழம் வெட்டலாம் என்பதையும் அதிலிருந்து கணக்கிடுவார்கள். செல்போன் மைக்கும் ஒலியலையைக் காட்டும் செயலியும் அதிர்வெண்ணை மட்டும் தரும். ஆழத்தைச் சொல்லாது.

உதாரணமாக, 20 பல் கட்டர் நிமிடத்துக்கு 90 சுற்று சுற்றினால் நொடிக்கு 30 முறை பல் வந்து வெட்டும். இயல்பு அதிர்வெண் 300 ஹெர்ட்ஸ் என்றால், ஒரு பல்லுக்கும் அடுத்ததற்கும் இடையே பத்து அலைகள். பாடநூல்களின்படி, இப்படி முழு எண்ணாக வரும் வேகத்தின் அருகே சேட்டர் குறையும். ஆனால் இவ்வளவு மெதுவான வேலையில் நல்ல வேகமும் கெட்ட வேகமும் மிக நெருக்கமாக அடுக்கியிருக்கும். துருப்பிடிக்காத எஃகில் வேகத்தைக் கூட்டவும் இடமில்லை. ஆகவே வேகத்தைத் தேடி அலைவதைவிட விறைப்பைக் கூட்டுவதே மேல் என்பது என் கருத்து. சேசிங் வெட்டுளி பிடியிலிருந்து 40 மில்லிமீட்டர் நீண்டிருந்தால் 20 ஆக்குங்கள். வெட்டுளியின் விறைப்பு எட்டு மடங்காகும். ரோலரின் இரு முனைத் தாங்கிகளையும் இறுக்கியபின் மறுபடி தட்டிப் பாருங்கள். அதிர்வெண் ஏறியிருந்தால் பிடி இறுகியிருக்கிறது. ஏறவில்லையென்றால் நெகிழ்வு வேறிடத்தில் இருக்கிறது.