டெர்மினஸ் தெரியும், டெர்மினேட் தெரியாது: ஆங்கிலச் சொற்களை வேரோடு கற்போம்

எங்கள் தெருவைச் சேர்ந்த தம்பி ஒருவர் வளைகுடா நாடொன்றில் வேலை பார்த்தார். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர். ஒருநாள் கம்பெனியிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. அதில் 'காண்ட்ராக்ட்' என்ற சொல்லும் அடுத்த மாதத் தேதி ஒன்றும் அவருக்குப் புரிந்தன. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிறார்கள் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். ஊருக்குப் போன் செய்து உம்மாவிடமும் சந்தோஷமாகச் சொன்னார். மூன்று வாரம் கழித்து அறையில் உடன் தங்கியிருந்தவர் படித்துச் சொன்ன பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவருக்குத் தெரியாமல் போன சொல் 'டெர்மினேட்'. ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறோம் என்பதுதான் கடிதத்தின் சாரம். வேறு வேலை தேடக் கிடைத்த ஒரு மாத அவகாசத்தில் மூன்று வாரம் வீணாகிப் போயிருந்தது.

இதில் வேதனை என்னவென்றால், அந்தச் சொல்லின் சொந்தக்காரர்கள் எல்லோரையும் அவருக்கு முன்பே தெரியும். பஸ் டெர்மினஸில் ஏறி இறங்கியவர். ஏர்போர்ட் டெர்மினலில் காத்திருந்தவர். பள்ளியில் டெர்ம் எக்ஸாம் எழுதியவர். 'டெர்மினஸ்' என்ற லத்தீன் சொல்லுக்கு எல்லை என்று பொருள். பஸ்ஸின் ஓட்டம் முடியும் எல்லை டெர்மினஸ். படிப்புக் காலத்தின் ஒரு வரையறை டெர்ம். ஒன்றை எல்லைக்குக் கொண்டுவந்து முடித்துவிடுவது டெர்மினேட். எல்லை வகுத்து முடிவு செய்வது டிடெர்மின். எல்லைக்கு வெளியே துரத்துவது என்ற பொருளில் பிறந்து, பின்பு அடியோடு அழிப்பதைக் குறித்தது எக்ஸ்டெர்மினேட். ஒரு வேர் தெரிந்திருந்தால், அந்தக் கடிதத்தைப் பார்த்தவுடனேயே அவருக்குச் சந்தேகமாவது வந்திருக்கும்.

மனப்பாடம் ஏன் நிற்பதில்லை?

நம் பிள்ளைகளில் பலர் ஆங்கிலச் சொற்களைப் பட்டியல் போட்டுப் படிக்கிறார்கள். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், மறு பக்கம் தமிழ்ப் பொருள். நாளொன்றுக்குப் பத்துச் சொல் என்று தொடங்குவார்கள். பத்தாம் நாளில் நூறு சொல் சேர்ந்திருக்கும், ஆனால் முதல் நாள் படித்தது மறந்திருக்கும். பிள்ளையின் மூளையில் குறை இல்லை. ஒன்றோடொன்று தொடர்பில்லாத நூறு பேரின் பெயரை நினைவில் வைப்பது யாருக்கும் கடினம். அதே நூறு பேரும் ஐந்து குடும்பத்தைச் சேர்ந்தவர்கள், இவர் இன்னாருடைய மச்சான், அவர் இன்னாருடைய மருமகன் என்று தெரிந்துவிட்டால் பெயர்கள் தாமாகவே நிற்கும். சொற்களும் அப்படித்தான்.

மக்தபில் நாம் படித்த வழி

இந்த முறை நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. மக்தபில் அரபி படிக்கும் பிள்ளை க-த-ப என்ற மூன்றெழுத்து வேரை அறியும். 'கதப' என்றால் எழுதினான். எழுதப்பட்ட நூல் கிதாப். எழுதுபவர் காதிப். எழுதப்பட்டது மக்தூப். எழுதப் படிக்கக் கற்கும் இடம் மக்தப். நூல்கள் இருக்கும் இடம் மக்தபா.

ஆங்கிலத்திலும் இதே எழுதுதலைச் சுற்றி ஒரு பெரிய குடும்பம் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'ஸ்க்ரைப்' அல்லது 'ஸ்க்ரிப்ட்' என்று வரும் லத்தீன் வேர் அது. முன்னால் ஒட்டும் சிறு சொல் மாற மாறப் பொருளும் மாறும்.

'மனு' என்றால் கை. மேனுஸ்க்ரிப்ட் என்றால் கையெழுத்துப் பிரதி. தமிழிலும் அதே கட்டுமானம் என்பதைக் கவனியுங்கள். 'இன்' என்றால் உள்ளே அல்லது மேலே. கல்லில் பொறித்தது இன்ஸ்க்ரிப்ஷன். 'ப்ரீ' என்றால் முன். மருந்து தருவதற்கு முன் எழுதப்படும் சீட்டு ப்ரிஸ்க்ரிப்ஷன். 'சப்' என்றால் கீழே. ஒரு பத்திரத்தின் அடியில் பெயர் எழுதிச் சம்மதம் தெரிவிப்பதே சப்ஸ்க்ரைப். அது பிறகு பத்திரிகைச் சந்தாவைக் குறித்தது. இன்று யூடியூப் சேனலின் பொத்தானில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஓரெழுத்து மாறினால் என்ன ஆகும் என்பதற்கும் இங்கேயே உதாரணம் உண்டு. 'ப்ரிஸ்க்ரைப்' என்றால் இதைச் செய் என்று விதிப்பது. 'ப்ரோஸ்க்ரைப்' என்றால் தடை செய்வது. பழைய ரோமில் குற்றவாளிகளாக அறிவிக்கப்பட்டவர்களின் பெயரை எழுதிப் பொது இடத்தில் வைப்பார்கள். அதிலிருந்து வந்த பொருள் இது. பட்டியலில் படிக்கும் பிள்ளை இரண்டையும் குழப்பிக்கொள்ளும். கதையோடு படிக்கும் பிள்ளைக்கு அந்தக் குழப்பம் எளிதில் வராது.

ஒரு சொல்லின் பயணம்

ஒரே ஒரு சொல்லை எடுத்து ஆழமாகப் போனால் எவ்வளவு கிடைக்கும் என்று பார்ப்போம். ஆங்கிலத்தில் 'டிசைஃபர்' என்று ஒரு வினைச்சொல். புரியாத எழுத்தைப் படித்துப் பொருள் காண்பது என்று அர்த்தம். டாக்டரின் கையெழுத்தை மருந்துக்கடைக்காரர் செய்வது அதைத்தான்.

இதன் நடுவில் இருப்பது 'சைஃபர்'. அது அரபியின் 'ஸிஃப்ர்'. வெறுமை, பூஜ்யம் என்று பொருள். இந்தியாவில் சூன்யம் எனப்பட்ட எண்ணை அரபு அறிஞர்கள் ஸிஃப்ர் என்று மொழிபெயர்த்தார்கள். வட ஆப்பிரிக்காவில் அரபுக் கணக்கைக் கற்ற இத்தாலியரான ஃபிபொனாச்சி 1202ஆம் ஆண்டு எழுதிய நூலில் அதை லத்தீன் வடிவில் 'ஸெஃபிரம்' என்று எழுதினார். அது இத்தாலிய மொழியில் சுருங்கி 'ஸீரோ' ஆனது. அதே ஸிஃப்ர் இன்னொரு பாதையில் போய் 'சைஃபர்' ஆனது. முதலில் பூஜ்யம், பிறகு எந்த எண்ணும், பிறகு எண்களைக் கொண்டு எழுதும் ரகசிய எழுத்து என்று அதன் பொருள் விரிந்தது. அந்த ரகசியத்தை அவிழ்ப்பதுதான் டிசைஃபர்.

ஒரு சொல்லைத் தேடினோம். ஸீரோ, சைஃபர், டிசைஃபர் என மூன்று சொல் கிடைத்தது. கூடவே கணித வரலாற்றின் ஒரு பக்கமும் கிடைத்தது.

நம் வீட்டில் புழங்கும் வேர்கள்

அரபியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்கள் ஏராளம். 'அல்ஜீப்ரா' என்பது 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மியின் நூல் தலைப்பில் உள்ள 'அல்ஜப்ர்'. உடைந்ததைச் சேர்ப்பது என்று பொருள். ஸ்பெயினில் எலும்பு முறிவைச் சரிசெய்பவரையும் 'அல்ஜெப்ரிஸ்தா' என்றே அழைத்தார்கள். அல்குவாரிஸ்மியின் பெயரே லத்தீனில் திரிந்து 'அல்காரிதம்' ஆனது.

'மேகஸின்' என்பது 'மகாஸின்', அதாவது கிடங்குகள். துப்பாக்கியில் தோட்டா இருக்கும் கிடங்கும் மேகஸின்தான், செய்திகளின் கிடங்கான இதழும் மேகஸின்தான். நாம் சொல்லும் 'கஜானா'வும் இதே வேர். செய்திகளில் அடிபடும் 'டாரிஃப்' அரபியின் 'தஃரீஃப்', அறிவித்தல். 'மஃரூஃப்' என்ற சொல்லின் வேரே இதற்கும். 'காட்டன்' என்பது 'குத்ன்'. கண்ணுக்கு இடும் சுர்மாவின் அரபிப் பெயரான 'அல்குஹ்ல்' முதலில் நுண்ணிய பொடியையும், பிறகு வடித்தெடுத்த சாரத்தையும் குறித்து, கடைசியில் 'ஆல்கஹால்' ஆனது.

தமிழும் கொடுத்திருக்கிறது. 'கட்டமரான்' நம் கட்டுமரம். 'சிரூட்' நம் சுருட்டு.

தவறாகப் பிரிக்கக் கூடாது

இந்த முறையில் ஓர் ஆபத்தும் உண்டு. சொல்லை நம் விருப்பப்படி வெட்டக் கூடாது. 'ஹாம்பர்கர்' என்ற சொல்லில் 'ஹாம்' இருப்பதால் அது பன்றி இறைச்சி என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தின் பெயரிலிருந்து வந்தது. ஊர்ப் பெயரைப் பின்னாளில் தவறாக வெட்டியதால்தான் 'பர்கர்' என்ற தனிச் சொல்லே பிறந்தது. உள்ளே என்ன இறைச்சி, அது ஹலாலா என்பதைக் கடையில்தான் கேட்க வேண்டும்; பெயரை வைத்து முடிவு செய்ய முடியாது.

அதேபோல், வேர் தெரிந்தால் பொருள் முழுவதும் தெரிந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. சொற்கள் காலப்போக்கில் இடம் மாறுகின்றன. வேர் தருவது ஊகம். அதை உறுதி செய்வது அகராதி.

வீட்டில் எப்படிச் செய்வது?

மஃரிபுக்குப் பிறகு பதினைந்து நிமிடம் போதும். ஒரு நோட்டுப் புத்தகம், பக்கத்துக்கு ஒரு சொல். பாடத்திலோ செய்தியிலோ மருந்துச் சீட்டிலோ பிள்ளை உண்மையில் சந்தித்த சொல்லாக இருக்கட்டும். முதலில் அகராதியைத் திறக்காமல் பொருளை ஊகிக்கச் சொல்லுங்கள். பிறகு முன்னொட்டு, வேர், பின்னொட்டு என்று பிரித்து எழுதட்டும். அதே வேருள்ள நான்கு சொற்களைத் தேடட்டும். பின்னர் அகராதியில் சரிபார்க்கட்டும். கடைசியாகத் தன் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் எழுதட்டும். ஒரு வாரம் கழித்து அந்தப் பக்கத்தை மூடிக்கொண்டு உங்களிடம் கதையாகச் சொல்லட்டும்.

சொற்பிறப்பைத் தேட 'எட்டிமான்லைன்' என்ற இணைய அகராதி இலவசமாகக் கிடைக்கிறது. நார்மன் லூயிஸ் 1949இல் எழுதிய 'வேர்ட் பவர் மேட் ஈஸி' என்ற நூலும் வேர்ச்சொல் வழியில் அமைந்ததுதான். நம் ஊர்ப் புத்தகக் கடைகளிலும் கிடைக்கும்.

வாரத்துக்கு மூன்று சொல் என்றால் குறைவாகத் தோன்றலாம். ஒவ்வொன்றும் நான்கைந்து உறவுகளை அழைத்து வந்தால், ஒரு வருடத்தில் அறுநூறு சொற்களுக்கு மேல் சேர்ந்துவிடும், இன்ஷா அல்லாஹ். ஆங்கிலம் தெரியாத பெற்றோரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம். அரபி வேர் வரும்போது பிள்ளைக்கு நீங்களே சொல்லிக் கொடுக்கவும் முடியும்.

அந்தத் தம்பி இப்போது வேறு கம்பெனியில் இருக்கிறார். எந்தக் காகிதத்திலும் புரியாத சொல் ஒன்று இருந்தால் அதன் அடியில் கோடு போட்டுவிட்டு, "நாளைக்குக் கையெழுத்துப் போடுகிறேன்" என்று சொல்லப் பழகியிருக்கிறார். நம் பிள்ளைகள் அந்தப் பழக்கத்தை நஷ்டப்படாமலேயே கற்றுக்கொள்ளட்டும்.