பனிமேல் பெய்யும் மழை: இமய வெள்ளத்தின் இடர்களும் மக்களின் உரிமைகளும்

இமயமலைச் சரிவுகளில் பெருக்கெடுக்கும் வெள்ளத்துக்கு மழை மட்டுமே காரணமாவதில்லை. கோடையில் உருகும் பனியும் அதே வேளையில் கொட்டும் மழையும் ஒரே ஆற்றில் சேரும்போது அது பேரழிவாக மாறக்கூடும். உருகத் தொடங்கிய பனிப்படலம் ஏற்கெனவே நீரில் ஊறியிருப்பதால், மேலே விழும் மழையைத் தாங்கிக்கொள்ள இயலாமல் சரிவில் இறக்கிவிடுகிறது. மழையோடு வரும் ஈரக்காற்று பனியின்மீது நீராகப் படியும்போது வெளிப்படும் வெப்பம் உருகலை மேலும் விரைவுபடுத்துகிறது. மலையில் மெல்ல நகரும் பனிக்கட்டித் திரள்களான பனியாறுகள் அரைத்துத் தள்ளிய கல்லும் மண்ணும் படிவுமேடுகளாகக் குவிந்து, இயற்கை அணைகளைப்போல நின்று ஏரிகளைத் தேக்கிவைக்கின்றன. இறுகப் பிணைக்கப்படாத இம்மேடுகள் நீரழுத்தம் மிகும்போது எளிதில் உடையக்கூடியவை.

2013 ஜூன் மாதத்தில் உத்தராகண்டின் கேதார்நாத்தில் நிகழ்ந்தது இதுவே. வழக்கத்துக்கு ஏறத்தாழ இரண்டு வாரம் முன்னதாகப் பருவமழை அங்கு பரவியபோது மலைமேல் பனி இன்னும் உருகிக்கொண்டிருந்தது; சோராபாரி பனியாற்றை ஒட்டிய வாடியா இமயப் புவியியல் நிறுவனத்தின் ஆய்வு முகாமில் 24 மணி நேரத்தில் 325 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. ஜூன் 17 காலையில் சோராபாரி ஏரியின் படிவுமேடு உடைந்து, சில நிமிடங்களில் ஏரி வடிந்து, பாறைகளையும் சேற்றையும் அள்ளிக்கொண்டு கேதார்நாத் கோயிலைச் சுற்றியிருந்த ஊரின் வழியாக மந்தாகினி ஆற்றில் பாய்ந்தது. அந்த மாநிலம் முழுவதும் இறந்தோரும் காணாமற்போனோரும் 5,000-க்கும் மேற்பட்டோர். பின்னர் 2023 அக்டோபரில் சிக்கிமின் தெற்கு லோனாக் பனியாற்று ஏரி உடைந்தபோது, சுங்தாங்கில் இருந்த 1,200 மெகாவாட் தீஸ்தா நீர்மின் திட்டத்தின் அணையே அடித்துச் செல்லப்பட்டது.

மழையைத் தடுக்க இயலாது. ஆனால் ஆற்றின் வெள்ளப்பரப்பில் விடுதி கட்ட இசைவளிப்பதும், சுரங்கம் குடைந்த மண்ணைக் கரையில் கொட்ட விடுவதும், எச்சரிக்கை அமைப்பு இன்றி அணை எழுப்புவதும் மனிதர் எடுக்கும் முடிவுகள். வெள்ளம் பரவும் நிலத்தை வகைப்படுத்திக் கட்டுமானத்தை ஒழுங்குபடுத்தும் மாதிரிச் சட்டவரைவை நடுவண் அரசு 1975-ஆம் ஆண்டிலேயே மாநிலங்களுக்கு அனுப்பியும், மிகச் சில மாநிலங்களே அதைச் சட்டமாக்கின. ஆகவே வெள்ளத்தில் வீடிழந்தவர் கேட்பது இரக்கத்தை அன்று, பொறுப்பை.

அந்தப் பொறுப்பைச் சட்டம் பல வழிகளில் உறுதிசெய்கிறது. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு தங்குமிடம், உணவு, குடிநீர், மருத்துவம், சுகாதாரம் ஆகியவற்றுக்கும், உயிரிழப்புக்கும் வீட்டுச் சேதத்துக்குமான கருணைத் தொகைக்கும் குறைந்தபட்ச வரையறைகளை வகுக்கப் பணிக்கிறது. இது விருப்பத்துக்கு விடப்பட்டதன்று, கட்டாயக் கடமை என 2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிவாரணம் வழங்குவதில் பால், சாதி, சமயம், வம்சம் ஆகியவற்றின் பேரில் வேறுபாடு காட்டுவதை 61-ஆம் பிரிவு தடைசெய்கிறது. மாநிலப் பேரிடர் மீட்பு நிதியின் நெறிகளின்படி உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உரியது. காணாமற்போனவர் இறந்தவராகக் கருதப்பட வழக்கமாக 7 ஆண்டுகள் கழிய வேண்டும் என்றாலும், 2013 வெள்ளத்துக்குப் பின் அவ்வளவு காலம் காத்திராமல் இறப்பைப் பதிவுசெய்யத் தனி நடைமுறை வகுக்கப்பட்டது என்பதை, பிற பேரிடர்களில் உறவினரைத் தேடுவோரும் முன்னுதாரணமாகச் சுட்டிக் கோரலாம்.

மனிதத் தவறு வெள்ளத்தின் சேதத்தைப் பெருக்கியிருந்தால் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை நாடலாம். கேதார்நாத் வெள்ளத்தின்போது உத்தராகண்டின் ஸ்ரீநகரில் நீர்மின் திட்டத்தின் மண்குவியல் அடித்துவரப்பட்டு வீடுகளைப் புதைத்தது. இயற்கைச் சீற்றமே காரணம் என்ற வாதத்தை ஏற்காத தீர்ப்பாயம், பாதிக்கப்பட்டோருக்கு ஏறத்தாழ 9.26 கோடி ரூபாய் வழங்குமாறு 2016 ஆகஸ்டில் திட்ட நிறுவனத்துக்கு ஆணையிட்டது. இத்தகைய இழப்பீட்டு மனுவை 5 ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். வழக்குச் செலவுக்கு அஞ்சத் தேவையில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் வெள்ளத்தால் பாதிக்கப்பட்டோரை இலவச சட்ட உதவிக்கு உரியவராகப் பெயர் சுட்டியே சேர்த்திருப்பதால், மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகினாலே போதும்.

உரிமையை நிலைநாட்டச் சான்று வேண்டும். சேதமடைந்த வீட்டையும் நிலத்தையும் சுத்தம் செய்வதற்கு முன்பே படமெடுத்து, வருவாய்த் துறைக் கணக்கெடுப்பில் தம் பெயர் சேர்ந்திருக்கிறதா எனச் சரிபார்த்து, அளித்த மனுவுக்கு ஒப்புகைச் சீட்டுப் பெற்றுவைப்பது இன்றியமையாதது. வானிலைத் துறையின் ஆரஞ்சு எச்சரிக்கை ஆயத்தமாகவும் சிவப்பு எச்சரிக்கை உடனே செயல்படவும் சொல்வதாகும். அப்போது ஆற்றோரத்திலோ ஓடைப் படுகையிலோ தங்குவது உயிருக்கு ஆபத்து. மேலே எந்த ஏரி உள்ளது, அணையின் அவசரகாலச் செயல்திட்டம் எங்கே, எச்சரிக்கை ஒலிப்பான் இயங்குகிறதா என்னும் மூன்று வினாக்களைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒவ்வொரு மலையூரின் குடிமக்களும் மழைக்காலத்துக்கு முன்பே எழுப்புவார்களானால், இழப்பீடு கோரவேண்டிய நிலை பல குடும்பங்களுக்கு நேராமலே போகும்.