கிறிஸ்துமஸ் சோறு: பொட்டலமா, பந்தியா?

டிசம்பர் கடைசி வாரம் வந்தால் சித்தூர், திருப்பதி வட்டாரக் கிறிஸ்தவ சபைகளில் அண்டாக்கள் அடுப்பேறுகின்றன. வாலிபர்கள் வெங்காயம் உரிக்கிறார்கள், சோற்றைப் பொட்டலம் கட்டுகிறார்கள், பேருந்து நிலையத்திலும் ரயிலடியிலும் படுத்துக் கிடப்பவர்களைத் தேடிக்கொண்டு போகிறார்கள். பண்டிகைச் சாப்பாட்டைத் தெலுங்குச் சபைகளில் ‘பிரேம விந்து’ என்பார்கள். தமிழ்ச் சபைகளில் அது ‘அன்பின் விருந்து’. நெல்லைச் சீமைக்காரரிடம் ‘அசனம்’ என்று சொன்னால் போதும், வாசனையே வந்துவிடும்!

சபைக்குள் இருப்பவர்களுக்கு அது விருந்துதான். வெளியே இருப்பவர் கைக்கு வரும்போது பொட்டலமாகிவிடுகிறது.

திருப்பதியில் சோற்றுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. என்.டி. ராமராவ் முதலமைச்சராக இருந்தபோது, 1985-ல் திருமலையில் நித்திய அன்னதானத் திட்டம் தொடங்கியது. 2011-ல் தரிகொண்ட வெங்கமாம்பா பெயரில் பெரிய அன்னப்பிரசாதக் கூடம் திறக்கப்பட்டது. அங்கே சாதி கேட்பதில்லை, ஊர் கேட்பதில்லை. பந்தியில் உட்கார்ந்தால் சோறு வருகிறது. பக்கத்தில் இருப்பவர் லட்சாதிபதியா, கூலியாளா என்று தெரியாது.

மலையேற முடியாத முதியவர்களும் நோயாளிகளும் கீழே இருக்கத்தான் செய்கிறார்கள். அவர்களுக்குப் பொட்டலம் உதவும், மறுப்பதற்கில்லை. ஆனால் பண்டிகையன்று அவர்களுக்கு இல்லாதது சோறு மட்டும்தானா? பிழைப்புக்காக ஊரை விட்டு வந்து, தீபாவளியன்றும் பொங்கலன்றும் மெஸ்ஸில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்ட நம்மவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை.

<b>கூடி உண்ணத் தயங்கிய காலம்</b>

சித்தூர் 1911 வரை வட ஆர்க்காடு மாவட்டத்து ஊர். அமெரிக்காவிலிருந்து வந்த ஸ்கடர் குடும்பத்தார் 1853-ல் அமைத்த ஆர்க்காட்டு மிஷனுக்கு அது தொடக்க கால நிலையங்களில் ஒன்று. சபையில் சேருவோர் சாதியை விட்டுவிட வேண்டும் என்பதில் அந்த மிஷன் கண்டிப்பாக இருந்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1847-ல், மதுரைப் பக்கத்து அமெரிக்க மிஷன் இதைச் சாப்பாட்டிலேயே சோதித்துப் பார்த்தது. எல்லாரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ண வேண்டும் என்றது. மறுத்த உபதேசியார்கள் பலர் விலக்கப்பட்டார்கள். ஜெபத்தில் கூடியவர்கள் இலை முன்னால் பிரிந்தார்கள்!

ஏழைகள், ஊனமுற்றோர், குருடர் ஆகியோரை விருந்துக்கு அழைக்கும்படி இயேசு சொன்னதாக லூக்கா சுவிசேஷத்தில் வருகிறது. சோற்றை அவர்களுக்கு அனுப்பிவிடச் சொல்லவில்லை, அழைக்கச் சொன்னார். அதில்தான் சிரமம்.

ரோம் நகரில் அதைச் செய்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1968-ல் மாணவர்களால் தொடங்கப்பட்ட சாந்த் எஜிடியோ என்ற கத்தோலிக்கக் குழு, 1982-ல் திராஸ்தேவெரே பகுதியின் மரியன்னை ஆலயத்துக்குள்ளேயே மேசை போட்டது. முதல் ஆண்டு வந்தவர்கள் இருபது பேர் போல. வீடற்றவர்கள், தனித்து விடப்பட்ட முதியவர்கள். தொண்டர்கள் அவர்களோடே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். இன்று பல நாடுகளில் அந்த விருந்து நடக்கிறது. வருகிறவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொண்டு, அந்தப் பெயர் எழுதிய பரிசு ஒன்றும் கொடுக்கிறார்கள். பொட்டலம் கொடுப்பவருக்குப் பெயர் தெரிய வேண்டிய அவசியமே இல்லை.

<b>தொட்டால் ஒட்டுமா?</b>

நம் பக்கத்தில் இதற்குக் கடுமையான சோதனை தொழுநோய்தான். சித்தூரிலிருந்து வேலூர் போகும் திசையில், காட்பாடிக்கு அருகே உள்ள கரிகிரியில் 1955 முதல் தொழுநோய் மருத்துவமனை நடந்து வருகிறது. கூட்டு மருந்துச் சிகிச்சை 1980-களில் பரவிய பிறகு நோய் முற்றிலும் குணமாகிறது. மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே பிறருக்குப் பரவுவதும் நின்றுவிடுகிறது. குணமானவரின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதால் எதுவும் ஒட்டாது. இருந்தும் பொட்டலத்தை எட்ட நின்று வைத்துவிட்டு நகரும் கைகள் குறையவில்லை. விரல் மழுங்கியவருக்கு அந்த நூலை அவிழ்ப்பதே பெரும்பாடு என்பது வைத்தவருக்குத் தெரிவதில்லை.

திருப்பதியில் இன்னொரு சங்கடமும் உண்டு. திருமலையில் பிற மதப் பிரசாரத்தை ஆந்திர அரசு 2007-ல் தடை செய்தது. அடிவாரத்து நகரிலும் கண்கள் கவனிக்கின்றன. சோற்றோடு ஒரு துண்டுப் பிரசுரத்தைச் செருகிவிட்டால், இந்தச் சோற்றுக்கு விலை என்ன என்ற சந்தேகம் வாங்குபவருக்கு வரத்தான் செய்யும். அதைச் செருகாமல் கொடுக்கத் தெரிந்தவர்களே பசித்தவர் பக்கம் நிற்பவர்கள். புகைப்படத்துக்கும் இது பொருந்தும். சோறு வாங்கும் கையைப் படமெடுத்துப் போடுவது, அந்த மனிதரின் பிள்ளைகள் பார்க்க நேர்ந்தால் எப்படி இருக்கும்?

பந்தி வைப்பது பொட்டலத்தைவிடச் செலவான காரியம் என்பார்கள். சோற்றுச் செலவு ஒன்றுதான். கூடுதலாக வேண்டியவை பாய், கைகழுவத் தண்ணீர், நடக்க முடியாதவரை அழைத்து வர ஓர் ஆட்டோ, மாதா கோவில் வளாகத்தில் ஒரு மணி நேரம் நிழல். நூறு பேருக்கு இயலாவிட்டால் இருபது பேருக்குப் போடலாம். இருபது இலைக்கு நடுவே தொண்டர்களுக்கும் பத்து இலை போட வேண்டும், அவ்வளவுதான். பரிமாற ஆள் போதாதே என்றால், விருந்துக்கு வந்தவர்களிலேயே தெம்புள்ள ஒருவரிடம் சாம்பார் வாளியைக் கொடுத்துப் பார்க்கலாம்.