பிள்ளை மக்கு அல்ல. மூளை வேலை செய்யும் விதம்தான் வேறு!
மும்பைத் தமிழர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பரிசோதனை

"மக்கு", "சோம்பேறி", "பிடிவாதக்காரன்".

தாராவியிலும், மாட்டுங்காவிலும், செம்பூரிலும் தமிழ்ப் பிள்ளைகள் சிலர் தினமும் வாங்கும் பட்டங்கள் இவை. பள்ளிக்கூடத்தில் டீச்சர் ஒரு பட்டம் கொடுக்கிறார். வீட்டில் அப்பா இன்னொரு பட்டம் கொடுக்கிறார்.

கடைக் கணக்கை மனதிலேயே போட்டு விடை சொல்லும் பையனுக்குப் பாடப் புத்தகத்தில் நான்கு வரி படிக்க வருவதில்லை. தாதரில் இருந்து கல்யாண் வரை ரெயில் நிலையங்களை வரிசை மாறாமல் சொல்லும் குழந்தை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. நல்ல புத்திசாலியான பெண், ஐந்து நிமிடம் ஓர் இடத்தில் உட்கார மாட்டாள்.

இவர்களை அடித்துத் திருத்த முடியாது. திருத்த வேண்டிய தப்பு எதையும் இவர்கள் செய்யவும் இல்லை. இவர்களுடைய மூளை வேலை செய்யும் விதம் வேறு. மனநல நிபுணர்கள் பலர் இன்று இப்படித்தான் பார்க்கிறார்கள்.

இடது கைப் பழக்கம் போல

ஒரு காலத்தில் இடது கையால் எழுதும் பிள்ளைக்கு விரலில் அடி விழும். அடிக்குப் பயந்து அது வலது கையால் எழுதப் பழகியது. கூடவே பள்ளிக்கூடம் என்றாலே பயமும் வந்து சேர்ந்தது. இடது கைப் பழக்கம் ஒரு நோய் அல்ல என்பது இப்போது எல்லோருக்கும் தெரியும்.

ஆட்டிசம், கவனம் நிலைக்காமல் துறுதுறுவென்று இருக்கும் ஏ.டி.எச்.டி., எழுத்துக் கூட்டிப் படிக்கச் சிரமப்படும் டிஸ்லெக்சியா ஆகியவை மூளை வளரும் விதத்தில் உள்ள வேறுபாடுகள். மனிதர்களின் முகம் பலவிதமாக இருப்பதுபோல மூளையும் பலவிதமாக இருக்கும். இந்தக் கருத்துக்கு 'நியூரோடைவர்சிட்டி' என்று பெயர். 1990-களில் ஆட்டிசம் உள்ளவர்களே ஒன்று சேர்ந்து வளர்த்த கருத்து இது.

தாய் மீது பழி

1943-ம் ஆண்டில் அமெரிக்காவில் லியோ கேனர் என்ற டாக்டர் 11 குழந்தைகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஆட்டிசம் என்ற பெயர் பரவியது அதற்குப் பிறகுதான்.

அடுத்து வந்த ஆண்டுகளில், தாய் பாசம் காட்டாததால்தான் பிள்ளை இப்படி ஆகிவிட்டது என்று நிபுணர்கள் சிலர் பழி சொன்னார்கள். 1964-ல் பெர்னார்டு ரிம்லாண்டு என்ற மனோதத்துவ நிபுணர் அதை மறுத்துப் புத்தகம் எழுதினார். ஆட்டிசம் உள்ள ஒரு மகனுக்கு அவரும் தந்தை. பிறப்பிலேயே உள்ள காரணங்கள்தான் முக்கியம் என்பதை ஆராய்ச்சிகள் பிறகு உறுதி செய்தன.

ஆனால், "நீ வளர்த்த லட்சணம்" என்று மாமியார் மருமகளைச் சொல்வது இன்னும் நிற்கவில்லை. அது பொய்ப் பழி.

புதிய சிகிச்சை முறை

முன்பு சிகிச்சை என்றால், எல்லாப் பிள்ளைகளையும்போல நடந்துகொள்ளப் பழக்குவதுதான். கண்ணைப் பார்த்துப் பேசக் கட்டாயப்படுத்துவார்கள். கையை உதறினால் தடுப்பார்கள்.

புதிய முறையில் சிகிச்சை தருபவர் முதலில் "ஏன்?" என்று கேட்கிறார். பிள்ளை கையை உதறுவது பதற்றத்தைத் தணித்துக்கொள்ள. அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை என்றால் தடுக்கத் தேவையில்லை. மிக்சி சத்தத்துக்குக் காதைப் பொத்தினால் அது நடிப்பு அல்ல. அந்தச் சத்தம் பிள்ளைக்கு உண்மையிலேயே தாங்க முடியாததாக இருக்கிறது. வாயால் பேச முடியாத பிள்ளைக்குப் படம் காட்டிக் கேட்கவும், பலகையில் தொட்டுக் காட்டவும் கற்றுத் தருகிறார்கள். படம் காட்டிப் பழகினால் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயம் வேண்டாம்.

அப்படியானால் உதவியே வேண்டாமா? வேண்டும். வலிப்பு வந்தாலும், தலையை மோதிக்கொண்டாலும், தூக்கம் இல்லாமல் தவித்தாலும் டாக்டரிடம் போகத்தான் வேண்டும். ஏ.டி.எச்.டி.க்கு மருந்து பலருக்குப் பலன் தருகிறது. பிள்ளையின் கஷ்டத்தைக் குறைப்பதுதான் சிகிச்சையின் நோக்கம். பக்கத்து வீட்டுப் பிள்ளையைப்போல மாற்றுவது அல்ல.

பரிசோதனை எப்படி?

முதலில் காதும் கண்ணும். கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். பாந்திராவில் உள்ள அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் இதற்கென்றே 1983 முதல் இயங்குகிறது.

அடுத்து, பிள்ளை எப்போது நடந்தது, எப்போது பேசியது, எப்படி விளையாடுகிறது என்று பெற்றோரிடம் கேட்பார்கள். ஆட்டிசத்துக்கு இந்தியாவிலேயே தயாரித்த அளவுகோல் ஒன்று உண்டு. அதில் 40 அம்சங்கள். மொத்த மதிப்பெண் 70-க்குக் குறைவு என்றால் ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை லேசானது. 107 முதல் 153 வரை நடுத்தரம். அதற்கு மேல் கடுமையானது. இது பரீட்சை மார்க் அல்ல. எவ்வளவு உதவி தேவை என்பதைக் காட்டும் கணக்கு.

படிப்பில் சிரமம் என்றால் அறிவுத்திறன் சோதனையும், படிப்பது, எழுதுவது, கணக்குப் போடுவது ஆகியவற்றில் சோதனையும் நடக்கும். 8 வயதுக்குப் பிறகே இதற்குச் சர்ட்டிபிகேட் கிடைக்கும். தாராவிக்குப் பக்கத்தில் உள்ள சயான் மாநகராட்சி ஆஸ்பத்திரியில் இதற்குத் தனிப் பிரிவு செயல்பட்டு வந்திருக்கிறது. ஒரே நாளில் முடியாது. பல தடவை போக வேண்டியிருக்கும். தினக்கூலிக்காரர்களுக்குச் சில நாள் சம்பளம் போகும். ஆனாலும் பாதியில் விடக்கூடாது.

எந்த மொழியில்?

மும்பைத் தமிழர்கள் கவனிக்க வேண்டிய முக்கிய விஷயம் இது. வீட்டில் தமிழ். தெருவில் இந்தி. வகுப்பில் மராத்தி அல்லது ஆங்கிலம். நெல்லையில் இருந்து போன வருஷம் வந்த பிள்ளை மராத்திப் பாடத்தில் தடுமாறினால் அது டிஸ்லெக்சியா ஆகாது. பழகாத மொழியில் சோதித்துவிட்டு அறிவு குறைவு என்று முடிவு கட்டுவதும் தவறு.

எனவே, "வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். பிள்ளை இந்தப் பள்ளியில் இத்தனை வருஷமாகப் படிக்கிறது" என்று நிபுணரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தமிழ் தெரிந்தவர் இருக்கிறாரா என்று கேட்கலாம். இல்லாவிட்டால் மொழிபெயர்த்துச் சொல்லப் பெரியவர் ஒருவரைக் கூட்டிப் போகலாம்.

"வீட்டில் தமிழை நிறுத்துங்கள். ஒரே மொழி பேசுங்கள்" என்று சிலர் யோசனை சொல்வது உண்டு. அதைக் கேட்க வேண்டியதில்லை. இரண்டு மொழி கேட்டு வளரும் ஆட்டிசக் குழந்தைகள், ஒரு மொழி கேட்டு வளரும் ஆட்டிசக் குழந்தைகளைவிடப் பேச்சில் பின்தங்குவதில்லை என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. தமிழை நிறுத்தினால் அந்தப் பிள்ளைக்கு ஆச்சியோடும் அம்மாவோடும் உள்ள பேச்சுதான் நின்று போகும்.

பரீட்சையில் சலுகை

படிப்பதில் சிரமம் உள்ள மாணவர்களுக்கு 1996-ம் ஆண்டிலேயே பரீட்சைச் சலுகை கொடுத்தது மராட்டிய அரசு. இந்தியாவில் இதற்கு வழிகாட்டிய மாநிலம் இதுதான். கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள், எழுத்துப் பிழைக்கு மார்க் குறைக்காமை, ஒரு மொழிப் பாடத்துக்குப் பதில் வேறு பாடம் போன்ற வசதிகள் உண்டு. சர்ட்டிபிகேட் வேண்டும். பத்தாம் வகுப்பு வரை காத்திருக்காமல் முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது.

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும், கற்றலில் சிரமமும் உள்ளன. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு உள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. மத்திய அரசு கொடுக்கும் மாற்றுத்திறனாளி அட்டை நாடு முழுவதும் செல்லும். ஊருக்கே திரும்பிப் போனாலும் அதே அட்டைதான். ஆட்டிசம் உள்ளவர்களுக்கு 'நிராமயா' காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை செலவு கிடைக்கும். பேச்சுப் பயிற்சி போன்றவையும் இதில் அடங்கும்.

பெரியவர்களுக்கும் உண்டு

இது குழந்தைகள் விஷயம் மட்டும் அல்ல. பிள்ளையைப் பரிசோதனைக்குக் கூட்டிப் போகும் தந்தை, அங்கே கேட்கும் கேள்விகளைக் கேட்டுவிட்டு, "நானும் சின்ன வயதில் இப்படித்தானே இருந்தேன்?" என்று யோசிப்பது உண்டு.

வேலையில் கெட்டிக்காரர், ஆனால் பைலை எங்கே வைத்தோம் என்று தினமும் தேடுவார். நாலு பேர் சேர்ந்து பேசினால் தலை சுற்றும். மானேஜர் வாயால் சொன்ன மூன்று வேலையில் ஒன்றுதான் ஞாபகம் இருக்கும். இப்படி உள்ளவர்களில் சிலருக்கு ஏ.டி.எச்.டி.யோ ஆட்டிசமோ இருக்கலாம். பெண்கள் மற்றவர்களைப் பார்த்து நடந்து சமாளித்துவிடுவதால் பலருக்கு நடுத்தர வயதில்தான் தெரிய வருகிறது.

தெரிந்து என்ன பயன்? "நான் உருப்படாதவன்" என்ற எண்ணம் போகும். வேலையை எழுதிக் கொடுக்கச் சொல்லலாம். சத்தம் குறைந்த மேஜையைக் கேட்கலாம். அரசு அலுவலகங்களில் மாற்றுத்திறனாளி ஊழியர்களுக்கு நியாயமான வசதி செய்து தருவது சட்டப்படி கடமை.

ஏமாற வேண்டாம்

ஆட்டிசத்தை அடியோடு குணப்படுத்துவதாக யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஸ்டெம் செல் ஊசிக்கு லட்சக்கணக்கில் கேட்பவர்கள் உண்டு. 2017-ம் ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் விதிகளின்படி, ரத்தம் சம்பந்தமான சில நோய்களுக்கு மட்டுமே அது ஒப்புக்கொள்ளப்பட்ட சிகிச்சை. நகையை அடகு வைத்து ஏமாறக்கூடாது.

மனோதத்துவ நிபுணரிடம் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் பதிவு எண் இருக்கிறதா என்று கேட்பதில் தவறு இல்லை. பிள்ளையால் முடியாததை மட்டும் எழுதாமல், முடிந்ததையும் அறிக்கையில் எழுதுகிறாரா என்று பாருங்கள். நல்ல நிபுணர் இரண்டையும் எழுதுவார்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் 14416 என்ற மத்திய அரசின் மனநல உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம்.

"அவன் மாமாகூட ஐந்து வயதில்தான் பேசினான்" என்று சொல்லிக் காத்திருக்கும் வீடுகள் ஏராளம். மாமா பேசியிருக்கலாம். இந்தப் பிள்ளைக்குக் காது கேட்கிறதா என்பதையாவது இந்த மாதமே பார்த்துவிடுங்கள்.