நகரில் போட்ட கோடு



ஒரு நகரத்தின் படத்தை விரித்துப் பார்த்தால் பலவகைக் கோடுகள் தெரியும். ஆறு ஒரு கோடு. இருப்புப்பாதை ஒரு கோடு. வார்டு எல்லை ஒரு கோடு. பள்ளிப் படங்களில் அச்சிடப்படாத கோடு ஒன்றும் உண்டு. ‘இன்னார் இங்கு வாழலாம், இன்னார் வாழலாகாது’ என்று மனிதனுக்கு மனிதன் போட்ட கோடு அது. நான் வரலாறு கற்பித்த நாட்களில், அமெரிக்க நாட்டில் அக்கோடு 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு அழிந்தது என்று சொல்லிப் பாடத்தை முடித்துவிடுவேன். நான் சொன்னது பாதிப் பாடமே என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன். மறுபாதியைச் சிகாகோ நகரின் தென்பகுதியிலுள்ள உட்லான் என்னும் ஒரு வட்டாரத்தைக் கொண்டு இன்று விளக்க முயல்கிறேன்.

1910-ல் சிகாகோவில் வாழ்ந்த கறுப்பின மக்கள் சுமார் 44,000 பேர். 1970-ல் அத்தொகை சுமார் 11 லட்சமாயிற்று. தென் மாநிலங்களின் கொடுமைக்குத் தப்பியும், ஆலைகளில் வேலை தேடியும் ரயிலேறி வந்தவர்கள் அவர்கள். வேலை கிடைத்தது, வீடு கிடைப்பதுதான் அரிதாயிற்று. வெள்ளையர் வாழ்ந்த வட்டாரங்களில் வீட்டுச் சொந்தக்காரர்கள் கூடி, ‘கறுப்பினத்தவருக்கு விற்கமாட்டோம், வாடகைக்கும் விடமாட்டோம்’ என்று பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொண்டனர். உட்லானின் வீதிகளிலும் அத்தகைய பத்திரம் இருந்தது. அவ்வீதி ஒன்றில் 1937-ல் கார்ல் ஹான்ஸ்பெரி என்ற கறுப்பின வணிகர் ஒரு வீடு வாங்கிக் குடியேறினார். கூட்டம் திரண்டது, எறியப்பட்ட கல் ஒன்று அவருடைய சிறு மகளைத் தாக்காமல் மயிரிழையில் தப்பியது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்று 1940-ல் அவருக்குச் சாதகமாக முடிந்தது. அச்சிறுமியே பிற்காலத்தில் நாடக ஆசிரியராகப் புகழ்பெற்ற லொரெய்ன் ஹான்ஸ்பெரி. இத்தகைய பத்திரங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றித் தரலாகாது என்ற பொதுத் தீர்ப்பு 1948-ல் வந்தது.

பத்திரம் வலுவிழந்தது; பணத்தின் கோடு நின்றது. 1934-ல் அமெரிக்க மத்திய அரசு, வீட்டுக் கடனுக்குப் பொறுப்பேற்கும் அமைப்பு ஒன்றை நிறுவியது. அதன் துணையால் லட்சக்கணக்கான வெள்ளையர் குடும்பங்கள் குறைந்த வட்டியில் சொந்த வீடு பெற்றன. கறுப்பினத்தவர் வாழும் பகுதிகளோ கடனுக்குத் தகாதவை என ஒதுக்கப்பட்டன. அவ்வாறு ஒதுக்கப்பட்டவர்கள் இடைத்தரகரிடம் இருமடங்கு விலைக்கும் வீடு வாங்க நேர்ந்தது. மாதந்தோறும் தவணை கட்டவேண்டும். கடைசித் தவணை முடியும்வரை வீடு அவர்களுடையதன்று. ஒரு தவணை தவறினாலும் கட்டிய பணமும் போகும், வீடும் போகும். மார்ட்டின் லூதர் கிங் 1966-ல் சிகாகோவில் குடியேறி இவ்வநீதியை எதிர்த்துப் போராடினார். வெள்ளையர் பகுதியொன்றில் ஊர்வலம் சென்றபோது அவர்மீது கல் விழுந்தது. அவர் கொலையுண்ட ஒரு வாரத்தில், 1968 ஏப்ரலில், வீட்டு வசதியில் இன வேற்றுமை காட்டுவதைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது.

நான் பாடத்தை முடித்த இடம் இதுவே. ஆனால் சாதாரணக் குடும்பத்தின் பெருஞ்சேமிப்பு அதன் வீடுதான் என்பதை நாம் மறத்தலாகாது. பாட்டன் வாங்கிய வீடு மதிப்பு ஏறினால், அதன்மேல் கடன் பெற்றுப் பேரன் கல்லூரிக்குச் செல்கிறான். பாட்டனுக்கு வீடே மறுக்கப்பட்டிருந்தால், பேரன் வெறுங்கையோடு தொடங்குகிறான். சட்டம் கதவைத் திறந்தது; உள்ளே செல்வதற்கான பணத்தைத் தரவில்லை.

அக்காலத்திற்குள் வெள்ளையர் உட்லானைவிட்டு வெளியேறியிருந்தனர். கடைகள் மூடின; கட்டடங்கள் பழுதுபார்க்கப்படாமல் சிதைந்தன; பல தீக்கிரையாயின. 1960-ல் சுமார் 81,000 பேர் வாழ்ந்த வட்டாரத்தில் 2010-ல் எஞ்சியோர் சுமார் 26,000 பேர். மக்கள் குறையவே பள்ளிகளும் குறைந்தன. 2013-ல் சிகாகோ முழுவதும் சுமார் 50 பள்ளிகள் ஒருசேர மூடப்பட்டன. அவற்றில் படித்தோரில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினச் சிறுவர். பள்ளிக்கூடத்தில் வாழ்நாளைக் கழித்த எனக்கு, மற்ற எண்களைவிட இவ்வெண்ணே நெஞ்சை உறுத்துகிறது.

இனி, கதையின் மூன்றாம் பகுதி. வறியவர் வாழும் வட்டாரத்தில் வசதியுடையோர் வந்து குடியேற, வாடகையும் வரியும் உயர்ந்து, பழைய குடிகள் இடம்பெயரும் நிலையை ‘ஜென்ட்ரிஃபிகேஷன்’ என்பர். லண்டன் மாநகரைப் பற்றி எழுதிய ரூத் கிளாஸ் என்னும் சமூகவியலார் 1964-ல் ஆக்கிய சொல் அது. சிகாகோவை ஆராய்ந்து 2014-ல் வெளிவந்த ஆய்வொன்று, கறுப்பினத்தவர் தொகை 40 விழுக்காட்டைக் கடந்த பகுதிகளில் இப்புதுச் செல்வமும் நுழையத் தயங்குகிறது என்று காட்டியது. பழைய கோடு மனத்திலிருந்து அழியவில்லை என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? உட்லானிலோ அத்தயக்கம் நீங்கும் காலம் வந்தது. அதனை அடுத்த ஜாக்சன் பூங்காவில் ஒபாமா மையம் அமையும் என்று 2016-ல் அறிவிப்பு வந்ததும், காலி மனைகள்மேல் பலருடைய பார்வை திரும்பியது. நிலத்தின் விலை ஏறினால் சொந்த வீடுடையவருக்கு ஆதாயம். எனினும் வரிச்சுமையும் கூடும். வாடகைக்கு இருப்பவருக்கோ ஆதாயமே இல்லை. முன்பு உள்ளே வராதே என்று தடுக்கப்பட்டவர்களின் வழிவந்தோர், இப்போது இங்கே இருக்க முடியாதோ என்று அஞ்சினர்.

அவர்கள் அஞ்சி வாளாவிருக்கவில்லை. குடியிருப்போர் சங்கங்களாகத் திரண்டு ஆண்டுக்கணக்கில் போராடினர். 2020-ல் சிகாகோ நகர மன்றம் உட்லானுக்கென்று ஒரு சட்டம் இயற்றியது. நகரத்திற்குச் சொந்தமான காலி மனைகளில் ஒரு பகுதி, குறைந்த வருவாயுள்ளோர் வாழத்தக்க வீடுகளுக்கு ஒதுக்கப்பட்டது. வாடகைக் கட்டடம் விலைக்கு வருமாயின் அதை வாங்க முயல்வதற்குக் குடியிருப்போருக்கே முதல் வாய்ப்பு என்றும் விதிக்கப்பட்டது. இது முழு மருந்தாகாது. ஆயினும் சரியான நோயை நாடிய மருந்து.

மாணவர்களே, ஓர் ஊர் அழகு பெறுவதை யாரும் வெறுப்பதில்லை. நல்ல சாலையும், விளக்கும், பூங்காவும் எல்லாருக்கும் வேண்டுவனவே. ஆனால் ஒரு வீதி புதுப்பொலிவு பெற்றது என்று கேள்விப்படும்போது, நேற்று அங்கு வாழ்ந்தவர் இன்று எங்கே என்ற கேள்வியையும் சேர்த்துக் கேளுங்கள். அக்கேள்வியைக் கற்றுத் தராமலே என் வகுப்பு மாணவர் பலரை அனுப்பிவிட்டேன். நீங்களாவது அதைக் கேட்டுப் பழகுங்கள்.