வட்டி விகிதத்தைத் தேடிப் பிடிக்கும் எக்ஸெல்

பிளஸ் டூ முடித்து சி.ஏ. ஃபவுண்டேஷன் தேர்வுக்குத் தயாராகும் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதி மாணவர்கள் பலருக்கும் பயம் தருவது மூன்றாம் தாள். வணிகக் கணிதம் 40, தர்க்கம் 20, புள்ளியியல் 40 என மொத்தம் 100 மதிப்பெண்கள். நேரம் இரண்டு மணி. தவறான விடை ஒவ்வொன்றுக்கும் 0.25 மதிப்பெண் குறையும். பார்முலாவை மனப்பாடம் செய்தால் மட்டும் போதாது. அது எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் இது எளிது.

ஒரு கணக்கு பார்ப்போம். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடைக்காரர் ஒருவர் குளிர்பதனப் பெட்டி வாங்க 1,00,000 ரூபாய் கடன் பெறுகிறார். "ஃபிளாட் வட்டி 10 சதவீதம், 36 மாதத் தவணை" என்கிறார்கள். மூன்று வருட வட்டி 30,000 ரூபாய். மொத்தம் 1,30,000, மாதத் தவணை 3,611.11 ரூபாய். உண்மையான வட்டி 10 சதவீதம்தானா?

எக்ஸெல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பைத் திறந்து கொள்ளுங்கள். (செல் பெயர்களையும் பங்ஷன் பெயர்களையும் ஆங்கில எழுத்துகளில் டைப் செய்யவும்.)

1. எஃப்1 செல்லில் 0.833333% (10 சதவீதத்தை 12 ஆல் வகுத்த எண்) என மாத வட்டியை, பார்முலாவாக இல்லாமல் எண்ணாகவே அமைக்கவும்.
2. பி2 செல்லில் 100000. இது கடன் பாக்கி.
3. சி2 செல்லில் =பி2*$எஃப்$1. இது அந்த மாத வட்டி.
4. டி2 செல்லில் =பி2+சி2-3611.11. இது மாத முடிவில் பாக்கி.
5. பி3 செல்லில் =டி2. சி2, டி2 இரண்டையும் மூன்றாம் வரிசைக்கு காப்பி செய்து, அந்த வரிசையை 37 வரை மவுஸால் இழுத்து விடுங்கள்.

டி37 செல்லில் பூஜ்யம் வரவில்லை. சுமார் 16,060 ரூபாய் மைனஸில் நிற்கிறது. அதாவது வட்டி உண்மையிலேயே 10 சதவீதமாக இருந்தால் இந்தத் தவணை மிக அதிகம். காரணம், மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறது. ஃபிளாட் முறையில் வட்டியோ கடைசி வரை முழு 1,00,000 ரூபாய்க்கும் போடப்படுகிறது.

இப்போது கோல் சீக் வசதியைப் பயன்படுத்துங்கள். எக்ஸெலில் இது டேட்டா மெனுவில் வாட் இஃப் அனாலிசிஸ் பிரிவில் உள்ளது. கால்க்கில் டூல்ஸ் மெனுவில் உள்ளது. டி37 செல் 0 ஆக வேண்டும், மாற்ற வேண்டிய செல் எஃப்1 எனக் கொடுங்கள். மாத வட்டி 1.493 சதவீதம் என வரும். 12 ஆல் பெருக்கினால் வருடத்திற்குச் சுமார் 17.92 சதவீதம்!

=ரேட்(36,-3611.11,100000)*12 என்ற ஒரே வரியும் இதே விடையைத் தரும். கையை விட்டுப் போகும் பணத்திற்கு மைனஸ் குறி அவசியம். மறந்தால் பிழைச் செய்திதான் வரும். விடை முழு எண்ணாகத் தெரிந்தால் இரண்டு தசம இலக்கம் தெரியும்படி மாற்றுங்கள்.

இந்தச் சமன்பாட்டில் வட்டியை நேரடியாகப் பிரித்தெடுக்கும் பார்முலா கிடையாது. கம்ப்யூட்டரும் ஒரு விகிதத்தைப் போட்டுப் பார்த்து, திருத்தி, மீண்டும் போட்டுத்தான் நெருங்குகிறது. தேர்வு அறையில் சாதாரண கால்குலேட்டர்தான் துணை என்றாலும் அதே வழியை நீங்களும் பின்பற்றலாம். கொடுத்த நான்கு விடைகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். 1,00,000 ஐ 3,611.11 ஆல் வகுத்தால் 27.69. வருடம் 18 சதவீதத்திற்கு, அதாவது மாதம் 1.5 சதவீதத்திற்கு, ஆண்டுத்தொகைக் காரணி 27.66. எனவே உண்மை வட்டி 18 ஐ விடச் சற்றே குறைவு என்பது உடனே புரியும்.

அடுக்குகளைக் கண்டுபிடிக்க 1.1 தட்டி, பெருக்கல் பொத்தானையும், சமக்குறியை இருமுறையும் அழுத்துங்கள்; 1.331 வர வேண்டும். சில மாடல்களில் பெருக்கல் பொத்தானை இருமுறை அழுத்த வேண்டியிருக்கும். தேர்வுக்குக் கொண்டுபோகும் கால்குலேட்டரிலேயே வீட்டில் பழகி, விடையை எக்ஸெலில் சரிபாருங்கள். நாளை உங்கள் வீட்டிலேயே யாராவது ஃபிளாட் வட்டிக் கடன் வாங்கப் போனால், கையெழுத்திடும் முன் இந்த ஒரு வரியைப் போட்டுக் காட்டுங்கள்.